மேசையைத் தட்டிய கை

கவுன்சிலர் ஆன பிறகு நான் வாங்கிய முதல் அடி பிளாஸ்டிக் குடத்தால் விழுந்தது. பச்சைக் குடம். தண்ணீர் லாரி வந்த நாளில் வரிசையைச் சரி செய்கிறேன் என்று நடுவில் போய் நின்றேன். தெருவின் கீழ்க்கோடியில் குடியிருக்கும் ஓர் அக்கா, நான் யாரென்று நன்றாகத் தெரிந்தே, குடத்தின் அடிப்பாகத்தால் காதோடு சேர்த்து ஒன்று வைத்தார்.

"கவுன்சிலர அடிச்சிட்டாங்கடி" என்று ஒரு குரல்.

"அடிக்கட்டும். ஓட்டு போட்ட கைதான அது" என்று இன்னொரு குரல்.

நகராட்சி நிர்வாகம் பற்றி எனக்கு முதல் தெளிவான கருத்து அன்றுதான் பிறந்தது. தண்ணீர் லாரி வரும்போது கவுன்சிலர் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான். போட்டி போட நினைத்த மற்ற எல்லோரும் தெருவில் யாரையாவது ஒருமுறை அடித்திருந்தார்கள். நான் யாரையும் அடித்ததில்லை. உடம்பில் தெம்பில்லாததை நல்ல குணம் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். கூடவே கொஞ்சம் சிரிக்கப் பேசுவேன். அந்த இரண்டு தகுதியோடு ஒரு மனிதன் நகராட்சிக்குள் நுழையலாம் என்றால், அந்த நகராட்சியைப் பற்றி நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில், பஸ் டீ குடிக்க நிற்கும் ஒரு சின்ன நகராட்சி. என் வார்டு என்பது ஒரே நீளத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொரு வீட்டு முன்னறையிலும் பவர்லூம். தறி ஓடினால் பேச்சு காதில் விழாது. அதனால் எங்கள் தெருவில் ஆளைக் கூப்பிடுவது கையால்தான். சோறு ஆகிவிட்டது என்றால் முதுகில் ஒரு தட்டு. நூல் அறுந்துவிட்டது, ஓடி வா என்றால் இரண்டு தட்டு. தட்டு வாங்கியவர் காதில் விழுந்தது என்பதற்கு அடையாளமாகத் திருப்பித் தட்ட வேண்டும். வெளியூர்க்காரன் வந்து பார்த்தால் குடும்பம் குடும்பமாக அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைப்பான். பாதி நாள் அவன் நினைப்பது சரியாகவும் இருக்கும்.

தெரு மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவு. ஒரு ஓரமாகக் கழிவுநீர்க் கால்வாய். மேல்கோடியில் இருக்கும் நாங்கள் வருஷா வருஷம் அந்தக் கால்வாய்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உட்கார்ந்துவிட்டோம். ஒருவர் படிக்கட்டு, ஒருவர் மாட்டுக் கொட்டகை. என் வீட்டு பாத்ரூம் முழுக்க முழுக்கக் கால்வாயின் மேல்தான் நின்றது. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், நாலு வீடு தள்ளி. அவர் முன்னறையையே கால்வாய்மேல் இழுத்துப் பலகைக் கல் போட்டு, நாலாவது தறியை அங்கே இறக்கியிருந்தார். மழை வந்தால் கால்வாய்க்குப் போக வழியிராது. தண்ணீர் தெருவில் ஏறி நேராகக் கீழ்க்கோடி வீடுகளுக்குள் போகும். குடத்தால் என்னை அடித்த அக்காவின் கோபத்துக்குப் பின்னால் பல வருஷத்து மழை இருந்தது.

கவுன்சில் மீட்டிங்கில் அஜெண்டாவை ஒரு குமாஸ்தா தெலுங்கில் படிப்பார். எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷனைத் தாண்டும் வேகம். ஒவ்வொன்றும் முடிந்ததும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். "ஆமோதம்" என்று எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போவார். தட்டினால் சம்மதம் என்று அர்த்தம். நான் தறித்தெருக்காரன். தட்டு கேட்டால் என் கை தானாகத் திருப்பித் தட்டிவிடும். முதல் மீட்டிங்கிலேயே, ஆர்வமான உறுப்பினர் என்று சேர்மன் என்னைப் பாராட்டினார்.

மூன்றாவது வருஷத்தில் ஒரு மீட்டிங். பக்கத்து நாற்காலிக்காரரிடம் தெருநாய்ப் பிரச்சினையில் என் கொள்கையை விளக்கிக்கொண்டிருந்தேன். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதைவிடக் கவுன்சிலர்களுக்குப் போட்டால் ஊரில் கடி குறையும் என்பது என் கொள்கை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கோ தட்டினார்கள். நானும் தட்டினேன், இரண்டு கையாலும்.

பத்து நாள் கழித்து, சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு நகராட்சி ஆட்கள் இருவர் தெருவுக்கு வந்தார்கள். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்களாம். இடிக்க வேண்டிய இடத்துக்கு நேராகச் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். என் பாத்ரூம் கதவில் ஒரு கோடு. மச்சான் வீட்டில் கோடு பக்கச் சுவரில் ஏறி இறங்கியது. அந்த நேர்க்கோட்டுக்கு வெளியே, இடிக்கிற பக்கத்தில், முழுசாக நாலாவது தறி இருந்தது.

மச்சான் தறிகளை நிறுத்திவிட்டார். தெருவில் அந்த ஒரு வீடு மட்டும் அமைதியானது. அவர் என்னை வாயால் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க வா. யாரு போட்டது இந்தக் கோடு?"

"முனிசிபாலிட்டி, மச்சான்."

"முனிசிபாலிட்டின்னா யாரு?"

"எல்லா கவுன்சிலருங்களும் சேந்து..."

"நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

நான் பதில் யோசிப்பதற்குள், பெயிண்ட் டப்பா வைத்திருந்தவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது உங்கள் கவுன்சிலர்தான் என்று தெலுங்கில் பெருமையாகச் சொன்னார்.

நாடா என்பது தறியில் குறுக்காக ஓடும் மரக்கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர். ஓடுகிற தறியிலிருந்து நாடா தவறிப் பறந்து கண் போனவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. நின்றுபோன தறியிலிருந்தும் அது பறக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இடது புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கோடு எது சுவர் எது என்று தெரியாமல் எல்லாமே சிவப்பாகிவிட்டது.

என் மனைவி ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணா இது, கண்ணுல பட்டிருந்தா?"

"கண்ணு இருந்தா அஜெண்டாவ படிச்சிருப்பான், வுடு."

திருப்பதி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வரிசையில் பாதிப் பேர் மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள். என் கட்டைப் பார்த்து ஒரு பெரியவர், "மொட்டை போடும்போது கத்தி பட்டுச்சா?" என்று பரிவாகக் கேட்டார். "இல்லைங்க, மச்சான் பட்டார்" என்றேன். அவருக்குப் புரிந்தது. அவருக்கும் மச்சான் இருந்திருக்க வேண்டும்.

மச்சானைத் தப்பு சொல்ல முடியாது. அவர் வீட்டில் நாலு தறியும் ஓடினால்தான் நாள் ஓடும். அந்த நாலாவது தறியை நம்பித்தான் அவர் பெண் திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள். ஒரு திங்கட்கிழமை சித்தூருக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பில் மனு கொடுத்தார். மனு சுற்றிச் சுற்றி எங்கள் கமிஷனரிடமே வந்து சேர்ந்தது. வார்டு கவுன்சிலர் ஆட்சேபணைக் கடிதம் கொடுத்தால் அடுத்த மீட்டிங்கில் மறுபடி எடுக்கலாம் என்றார் கமிஷனர்.

"அந்த லெட்டரு எழுதிக் குடுத்துடு மாப்ள. மண்டய ஒடச்சத நானும் மறந்துடறேன்" என்றார் மச்சான். உடைந்தது யார் மண்டை என்பதைக் கணக்கில் எடுக்காமல், பெருந்தன்மையாகத்தான் சொன்னார். நான் எழுதினேன். சட்டைப்பையில் வைத்தேன். மழைக்காலம் என்று மனைவி அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்துக் கொடுத்தாள். அண்ணன் விஷயத்தில் அவள் எப்போதும் அப்படிக் கவனமாக இருப்பாள்.

மீட்டிங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது மழை பிடித்தது. விடியற்காலையில் ஆரம்பித்து ஒன்பது மணி ஆகியும் ஊற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பதேகாலுக்குக் கீழ்க்கோடி ஜனங்கள் மேலே ஏறி வந்தார்கள். ஏழெட்டுக் கடப்பாரைகள். முன்னால் அந்த அக்கா, இடுப்புவரை சேறு. பின்னால் அவர் வீட்டுக்காரர். அவரும் நெசவாளிதான், அதிகம் பேசாதவர்.

"யோவ் கவுன்சிலரே! உன் கக்கூசு தண்ணி என் ஊட்டு அடுப்புல மெதக்குது. வா, வந்து துன்னுட்டு போ!"

நான் மழையில் நடுத்தெருவில் நின்று, "எல்லாரும் அமைதியா இருங்க, பேசித் தீத்துக்கலாம்" என்றேன். யாருடைய முழங்கையோ என் வாயில் பட்டது. கடைவாய்க்கு முந்தின பல் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அதைத் துப்புவதா, கையில் வாங்குவதா என்று நான் முடிவு செய்வதற்குள் கூட்டம் என்னைத் தாண்டி மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது.

மச்சான் வாசலில் நின்றார். கையில் தறிக்கட்டை. நாடாவை அடித்துத் தள்ளுவதற்குத் தறியில் இருக்கும் கெட்டியான மரத்தடி அது.

"எவனாவது இந்தப் பலகை மேல கடப்பாரய வெச்சான்னா, வெச்ச கை இருக்காது."

"வெக்கறேன். இன்னா பண்ணுவ?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். நான் அவர் குரலைக் கேட்டதே அன்றுதான். கடப்பாரையைப் பலகைக் கல்லின் இடுக்கில் செருகினார்.

தறிக்கட்டை இறங்கியது. மணிக்கட்டு உடைந்த சத்தம் அந்த மழையிலும் கேட்டது. ஈர விறகு உடைவது போல என்று எழுத நினைத்தேன். அப்படி இல்லை. வேறு எதுபோலவும் இல்லை. அவர் கத்தக்கூட இல்லை. கையைத் தூக்கிப் பார்த்தார், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தொங்கியது. அதற்குப் பிறகு கற்கள் பறந்தன. ஒன்று மச்சானின் நெற்றி மேட்டில் பட்டுத் தோல் கிழிந்து, முகமெல்லாம் ரத்தமாகி, அவர் தறிக்கட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ குடையால் என் முதுகில் அடித்தார்கள். பழக்கதோஷம், நான் திரும்பி அவர் முதுகில் தட்டினேன். அதற்கும் ஒன்று விழுந்தது.

எங்கள் பக்கத்தில் எலும்பு உடைந்தால் யாரும் யோசிப்பதில்லை. புத்தூர் கட்டு. மழையில் ஒரே ஒரு ஆட்டோதான் கிடைத்தது. பின்சீட்டில் ஒரு ஓரத்தில் மச்சான், மறு ஓரத்தில் உடைந்த கையோடு அக்காவின் வீட்டுக்காரர், நடுவில் மக்கள் பிரதிநிதியாக நான். முன்னால் டிரைவர் பக்கத்தில் அக்கா, பாதி திரும்பி உட்கார்ந்து வழி முழுக்க மச்சானைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"உன் கையி அழுவிப் போவ. தறி புடிக்கற கைய ஒடிச்சிட்டியேடா பாவி."

"நான்தான் சொன்னன்ல, வெக்காதன்னு."

"அப்ப தண்ணிய உன் தலமேல வெச்சுக்கவா?"

ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோ குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த என்னை இரண்டு பக்கமும் நெருக்கினார்கள். புத்தூர் ரோட்டில் பள்ளங்களை மூடுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு.

கட்டுப் போடுபவர் கையைத் தொட்டுப் பார்த்தார். எலும்பை இழுத்து நேராக்க வேண்டும், ரெண்டு பேர் பிடியுங்கள் என்றார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கச் சொன்னார். மச்சானின் நெற்றியில் துணி சுற்றியிருந்ததைப் பொருட்படுத்தாமல், "நீ தாட்டியா இருக்கற. பின்னாடி உக்காந்து தோளோட சேத்து அமுக்கிப் புடி" என்றார். யார் உடைத்தது என்று அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

மச்சான் தரையில் உட்கார்ந்து அந்த மனிதரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். இழுத்தார்கள். கை உடைந்தபோதுகூடக் கத்தாதவர் அப்போது அலறினார். அலறிக்கொண்டே தலையைத் திருப்பி, மச்சானின் முன்கையில் வாய் வைத்துக் கடித்தார். பல் உள்ளே போனதை நான் பார்த்தேன். மச்சான் பிடியை விடவில்லை.

"கடிச்சுக்கோ" என்றார். "நல்லா கடிச்சுக்கோ. வுடாத."

இன்னொரு முறை இழுத்தார்கள். பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றினார்கள். முடிந்த பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் மடியில் ஒருவராக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"கேஸ் குடுக்கறியாக்கா?" என்று கேட்டேன். கவுன்சிலராக அது என் கடமை என்று தோன்றியது.

"கேசு குடுத்தா இவன் உள்ள போவான். தண்ணி வெளிய போவுமா?" என்றார் அக்கா.

அவர் வீட்டுக்காரர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "தறி மோட்டாரு தண்ணிக்குள்ள கெடக்குது. கை சரியாயி இன்னா பண்ணப் போறேன்."

மச்சான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியம் நான் கீழ்க்கோடிக்குப் போனேன். மூன்று வருஷமாக அந்தத் தெருவின் கவுன்சிலர் நான். மழை நாளில் அங்கே இறங்கியது அதுதான் முதல் தடவை. அக்கா வீட்டில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். தறியில் ஏற்றிய பாவு நூல் முழுக்க ஊறி நாறியது. தண்ணீரில் மிதந்தவற்றில் ஒரு நீலச் சோப்பு டப்பா மூடி இருந்தது. ஓரத்தில் உடைந்த மூடி. அது எங்கள் வீட்டு மூடி. போன வாரம் பாத்ரூமில் தேடினோம்.

ஐந்து நாளும் சட்டைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது. பிளாஸ்டிக் கவர் நல்ல கவர். ஒரு எழுத்துகூட அழியவில்லை.

மீட்டிங் நாளில் மச்சான் கதவருகே வந்து நின்றார், நெற்றியிலும் முன்கையிலும் கட்டோடு. குமாஸ்தா எங்கள் தெருக் கால்வாயைப் படித்து முடித்தார். ஏதோ கடிதம் தருவதாகச் சொன்னீர்களே என்று சேர்மன் தெலுங்கில் கேட்டார். நான் எழுந்தேன். எல்லோரும் ஜோக்குக்காகக் காத்திருந்தார்கள்.

"அந்தக் கால்வா மேல என் பாத்ரூம் இருக்குதுங்க" என்றேன். தெலுங்கு வாயில் வரவில்லை. "மொதல்ல அது போவணும். அப்புறம் என் மச்சான் ஊட்டு முன்னற. லெட்டரு ஒண்ணும் இல்ல."

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் மேசையைத் தட்டினேன். யாரும் கூடத் தட்டவில்லை. ஹாலில் அந்த ஒரு தட்டு தனியாகக் கேட்டது. மறுபடி தட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தட்டினார். பிறகு மற்றவர்கள். கதவருகே மச்சான் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவிடம் கடப்பாரை கேட்டேன். "உனுக்கா? தூக்குவியா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். பாத்ரூம் சுவரில் நாலு குத்துக் குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தோள் இறங்கியது. மனைவி வாசலில் கை கட்டி நின்று பார்த்தாள்.

"இனிமே குளிக்கறது எங்கயாம்?"

"அடுத்த மீட்டிங்ல வெக்கறேன்."

அப்போதுதான் மச்சான் வந்தார். என் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார். முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"என் தறிய எடுக்கச் சொல்லி மேசயத் தட்ற. உன் கக்கூசத் தடவிக் குடுத்துகினு இருக்கற. இப்டியா புடிப்பாங்க கடப்பாரய, தூ!"

முதல் குத்திலேயே சுவர் வாயைப் பிளந்தது. அவர் இடித்ததைப் பார்த்தபோது, என்மேல் விழ வேண்டிய எத்தனை அடிகள் அந்தச் செங்கற்கள்மேல் விழுகின்றன என்று எண்ண முடிந்தது. கதவு போனது, குழாய் போனது, கோப்பை சுக்குநூறானது. சிவப்புக் கோடு முடிந்த இடத்தில் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி என் ஹால் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் ஓட்டை போட்டுவிட்டுத்தான் கடப்பாரையைக் கீழே வீசினார். ஓட்டையின் அகலத்தை இரண்டு கையையும் விரித்து அளந்தார். தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"தறி இது வழியா உள்ள வந்துரும். உன் ஊட்டுக்காரன் டீவிய வேற எங்கனா வெச்சுக்கச் சொல்லு."

மறுநாள் நாலாவது தறியைத் தூக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். மேல்கோடியில் ஐந்து பேர்தான் வந்தார்கள். மிச்சம் மூன்று பேர் கீழ்க்கோடியிலிருந்து, அக்கா திட்டி அனுப்பி, முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். வழிகாட்டுகிறேன் என்று நான் முன்னால் நடந்தேன். தறியின் ஒரு கால் என் கட்டைவிரல்மேல் இறங்கியது. புத்தூரில் கட்டுப் போடுபவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இந்தத் தபா யாரு அடிச்சது?" என்றார். தறி என்றேன்.

கால்வாய் வெட்டியாகிவிட்டது. அடுத்த மழைக்குக் கீழ்க்கோடியில் தண்ணீர் முழங்காலுக்கு வரவில்லை, கணுக்காலுக்கு வந்தது. தெருமுனைப் பாலத்தடியில் ஆழம் போதவில்லை. இப்போது என் ஹாலில் மச்சானின் தறி நாள் முழுக்க ஓடுகிறது. நாலு வீடு தள்ளி இருக்கும் தறியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அக்காவின் வீட்டுக்காரர்தான் ஓட்டுகிறார். கட்டுப் பிரித்த கை இன்னும் கொஞ்சம் கோணல். நூல் கொண்டுவந்து போடும்போது மச்சானின் முன்கையில் பல் தடம் தெரியும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. மச்சான் என்னிடமும் பேசுவதில்லை. நான் வழியில் நின்றால் முதுகில் ஒன்று விழும். நான் ஒதுங்குவேன்.

அஜெண்டா இப்போது முன்கூட்டியே வீட்டுக்கு வருகிறது. தெலுங்கு மீடியத்தில் படித்தவள் என் மனைவிதான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி, எனக்குத் தமிழில் சொல்கிறாள். நேற்று அப்படித்தான், "ஒம்போதாவது, நம்ம தெருமுனை பாலம்!" என்று கத்தினாள். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கை தானாக மேசையை நோக்கிப் போனது.

தறி நின்றது. முதுகில் இரண்டு தட்டு. திரும்பினேன். மச்சான்.

"மொதல்ல முழுசா கேளு, மாப்ள. அப்புறம் தட்டு."